பெயர் மாறிய பின் தொழில்முறைச் சான்றிதழ்: இரண்டு பெயர்களை இணைக்கும் வேலை

திருமணம், மணமுறிவு, தத்தெடுப்பு, பாலின அடையாள மாற்றம், மதமாற்றம், பிறப்புப் பதிவில் நேர்ந்த எழுத்துப் பிழை, அல்லது சொந்த விருப்பம் என, ஒருவர் தம் பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொள்வதற்குக் காரணங்கள் பல உண்டு. காரணம் எதுவாக இருந்தாலும், பெயர் மாறிய அன்றே பழைய ஆவணங்கள் தாமாக மாறிவிடுவதில்லை. ஒவ்வொன்றையும் வழங்கிய அலுவலகத்தைத் தனித்தனியே அணுகித்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. அடையாள அட்டையையும் வங்கிக் கணக்கையும் பெரும்பாலோர் விரைவில் மாற்றிவிடுகிறார்கள். திட்ட மேலாண்மை, கணக்கியல், செவிலியம், தகவல் பாதுகாப்பு, பற்றவைப்பு போன்ற துறைகளில் தேர்வெழுதிப் பெற்ற தொழில்முறைச் சான்றிதழ் மட்டும் பழைய பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்துவிடுகிறது. அன்றாடம் யாரும் அதைக் கேட்பதில்லை என்பதே காரணம். கேட்கும் நேரத்திலோ அவகாசம் இருப்பதில்லை: புதுப்பிப்புத் தேர்வுக்கு நாள் குறித்தாகிவிட்டது, புதிய நிறுவனம் பின்னணிச் சரிபார்ப்பைத் தொடங்கிவிட்டது, வேறொரு நாட்டின் உரிமத்துக்கு விண்ணப்பம் போய்விட்டது என்ற நிலையில்தான் இரண்டு பெயர்களுக்கும் இடையிலான இடைவெளி தெரியவருகிறது.

இந்த வேலையை ஓர் எழுத்துத் திருத்தமாக எண்ணுவதால்தான் சிக்கல்களில் பாதி வருகின்றன. காகிதத்தில் பழைய பெயருக்குப் பதிலாகப் புதிய பெயரை அச்சிடுவது இதில் மிகச் சிறிய பகுதி. முன்பு தேர்வெழுதித் தகுதி பெற்றவரும் இன்று வேறு பெயரில் இருப்பவரும் ஒருவரே என்ற தொடர்பை, சான்றளித்த அமைப்பின் பதிவேட்டில் ஆதாரத்துடன் நிலைநாட்டுவதே உண்மையான வேலை. அந்தத் தொடர்பு பதிவாகிவிட்டால் காகிதத்தை எப்போது வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம். அது பதிவாகாவிட்டால், புதிய பெயரில் சான்றிதழ் ஒன்று கையில் இருந்தாலும், சரிபார்ப்பவர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இல்லாமல் போகும்.

பட்டச் சான்றிதழுக்கும் தொழில்முறைச் சான்றிதழுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பட்டம் என்பது நடந்து முடிந்த ஒரு நிகழ்வின் பதிவு. இன்ன ஆண்டில் இன்ன பெயருடையவர் இன்ன படிப்பை முடித்தார் என்று அது சொல்கிறது. அந்த ஆண்டில் அவருடைய பெயர் அதுவாகவே இருந்தது என்பதால், பின்னர் பெயர் மாறினாலும் பழைய பதிவு பொய்யாகிவிடவில்லை என்பது பல பல்கலைக்கழகங்களின் நிலைப்பாடு. அதனால் அவை புதிய பெயரில் பட்டத்தை மறுபடி வழங்கத் தயங்குகின்றன. சில மறுத்தும் விடுகின்றன. தொழில்முறைச் சான்றிதழ் சொல்வது இன்றைய நிலையை. பி.எம்.பி. எனப்படும் திட்ட மேலாண்மைச் சான்றிதழ் 3 ஆண்டுகளுக்கே செல்லும்; அதைத் தக்கவைக்க அந்தக் காலத்துக்குள் 60 தொழில்வளர்ச்சி அலகுகளைச் சேர்த்தாக வேண்டும். தகவல் பாதுகாப்புத் துறையின் சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழும் 3 ஆண்டுச் சுழற்சியில் இயங்குகிறது; அதற்கு 120 தொடர்கல்விப் புள்ளிகள் தேவை. இப்படி இன்று உயிரோடு இருக்கும் ஒரு தகுதியை, இன்று வழக்கில் இல்லாத பெயரில் வைத்திருப்பது சான்றளிக்கும் அமைப்புக்கே இடைஞ்சல். ஆகவே பல்கலைக்கழகம் மறுத்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, சான்றளிக்கும் அமைப்பும் மறுக்கும் என்று யாரும் கருதிவிட வேண்டியதில்லை. இத்தகைய அமைப்புகளில் பெரும்பாலானவை பெயர் மாற்றத்துக்கென்றே ஒரு வழிமுறையை வைத்திருக்கின்றன.

தனிநபர்களுக்குச் சான்றளிக்கும் அமைப்புகள் எவ்வாறு இயங்க வேண்டும் என்பதை வகுக்கும் பன்னாட்டுத் தரநிலை ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17024 ஆகும். 2003இல் முதலில் வெளியாகி 2012இல் திருத்தப்பட்ட அந்தத் தரநிலை, சான்றிதழில் குறைந்தது எவை இடம்பெற வேண்டும் என்று வரையறுக்கிறது: சான்று பெற்றவரின் பெயர், அவருக்கே உரிய தனித்த அடையாளக் குறி, சான்றளித்த அமைப்பின் பெயர், எந்தத் திட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது என்ற குறிப்பு, சான்றின் வரம்பு, அது நடைமுறைக்கு வரும் நாளும் முடியும் நாளும். பெயரும் அடையாளக் குறியும் அங்கே இரண்டு தனித் தேவைகளாக நிற்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே பெயரில் பலர் இருக்கலாம், ஒருவருக்கே காலப்போக்கில் பல பெயர்கள் இருக்கலாம் என்பதால்தான் பெயரை மட்டும் நம்பாமல் எண் ஒன்றும் தரப்படுகிறது. பெயர் மாறும்போது பொதுவாக மாறாமல் நிற்பது அந்த எண்தான்.

அதே தரநிலை இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. சான்றிதழின் உரிமை முழுவதும் சான்றளிக்கும் அமைப்பிடமே இருக்க வேண்டும் என்பது ஒன்று. ஒருவரிடம் செல்லுபடியாகும் சான்று இருக்கிறதா என்று யாரேனும் கேட்டால், சட்டம் தடுக்கும் இடங்கள் நீங்கலாக, அமைப்பு அதைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று. இவற்றிலிருந்து நடைமுறை முடிவு ஒன்று கிடைக்கிறது. கையில் உள்ள சான்றிதழின் மின்கோப்பைத் திறந்து பெயரைத் தாமே மாற்றிக்கொள்வது, எவ்வளவு நல்ல எண்ணத்துடன் செய்தாலும், போலி ஆவணம் தயாரித்ததாகவே கொள்ளப்படும். பதிவேடு ஒரு பெயரையும் காகிதம் இன்னொரு பெயரையும் சொல்லும்போது சரிபார்ப்பவர் பதிவேட்டைத்தான் நம்புவார். அப்போது கேள்வி பெயரைப் பற்றியதாக இருக்காது, விண்ணப்பித்தவரின் நேர்மையைப் பற்றியதாக மாறிவிடும்.

பெயர் மாற்றத்துக்குப் பின் நேரும் தவறுகளில் மிகவும் சேதம் விளைவிப்பது, புதிய பெயரில் புதிய கணக்கொன்றைத் தொடங்கிவிடுவது. பழைய கணக்கின் கடவுச்சொல் மறந்திருக்கும். அதற்குக் கொடுத்த மின்னஞ்சல் முந்தைய நிறுவனத்தினுடையதாக இருக்கும். புதிய கணக்கைத் தொடங்குவதோ எளிது. ஆனால் அமைப்பின் தரவுத்தளத்தில் அந்த நொடியிலிருந்து இரண்டு நபர்கள் இருக்கிறார்கள். ஒருவரிடம் சான்றிதழ் இருக்கிறது, தொடர்கல்விப் புள்ளிகள் இல்லை. இன்னொருவரிடம் புள்ளிகள் சேர்கின்றன, சான்றிதழ் இல்லை. நினைவூட்டல் கடிதங்கள் யாரும் திறக்காத பழைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருக்கும். உழைத்துச் சேர்த்த புள்ளிகள் எல்லாம் இருந்தும் சான்றிதழ் காலாவதியாவது இப்படித்தான். பல அமைப்புகள் ஒருவர் ஒரு கணக்கு மட்டுமே வைத்திருக்க வேண்டும் என்று விதியே வைத்திருப்பதால், இரட்டைக் கணக்கு தேர்வு மோசடிக்கான ஐயத்தையும் எழுப்பக்கூடும். பழைய கணக்குக்குள் நுழைய முடியாவிட்டால், சான்றிதழ் எண்ணைக் குறிப்பிட்டு உதவிப் பிரிவுக்கு எழுதி, அதே கணக்கை மீட்டுக்கொள்வதே சரியான வழி. புதிய கணக்கு ஏற்கெனவே தொடங்கப்பட்டிருந்தால், அதை மறைக்காமல் சொல்லி இரண்டையும் ஒன்றாக இணைக்கும்படி கேட்டுவிடுவது நல்லது.

ஒரு பெயரை மாற்ற இவ்வளவு ஆதாரம் எதற்கு என்ற எரிச்சல் பலருக்கும் வருகிறது, அது இயல்பானதே. ஆனால் அமைப்பின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த எச்சரிக்கைக்கு நியாயம் இருக்கிறது. வேறொருவர் பெற்ற தகுதியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள ஆதாரமற்ற பெயர் மாற்றமே எளிய வழியாகிவிடும். அதைவிடக் கடுமையான காரணம் ஒழுங்கு நடவடிக்கை: நோயாளிக்குத் தீங்கிழைத்ததற்காகவோ வாடிக்கையாளரின் பணத்தைக் கையாடியதற்காகவோ பதிவிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர், பெயரை மாற்றிக்கொண்டு மறுபடியும் அதே தொழிலுக்குள் நுழைய முடியக்கூடாது. மருத்துவம், சட்டம், கணக்கியல் போன்ற துறைகளில் பொதுமக்களைக் காக்கும் ஏற்பாடாகவே பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் உள்ள தொடர்பு பதிவில் தக்கவைக்கப்படுகிறது.

கேட்கப்படும் ஆதாரம் நாட்டுக்கு நாடு வேறுபடும். திருமணச் சான்று, மணமுறிவுத் தீர்ப்பு, நீதிமன்ற ஆணை, பிரிட்டனில் டீட் போல் எனப்படும் பெயர் மாற்றப் பத்திரம், இந்தியாவில் அரசிதழ் அறிவிப்பு என வடிவங்கள் பலவாக இருந்தாலும் அவற்றின் பணி ஒன்றே: பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒரே தாளில் சேர்த்துக் காட்டுவது. புதிய பெயரிலான அடையாள அட்டை மட்டும் இந்தப் பணியைச் செய்யாது என்பதைப் பலர் உணர்வதில்லை. இன்று அவருடைய பெயர் என்ன என்பதைத்தான் அந்த அட்டை சொல்கிறது. முன்பு என்னவாக இருந்தது என்பதை அது சொல்வதில்லை. விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுவதற்கு இதுவே மிகவும் வழக்கமான காரணம் என்று சொல்லலாம்.

பெயர் ஒருமுறைக்கு மேல் மாறியிருந்தால் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தேவைப்படும். திருமணத்தில் ஒரு பெயர், மணமுறிவுக்குப் பின் பழைய பெயர், மறுமணத்தில் மூன்றாவது பெயர் என்று இருக்கும்போது, கடைசித் திருமணச் சான்றை மட்டும் அனுப்பினால், சான்றிதழில் உள்ள பெயருக்கும் அந்தச் சான்றில் உள்ள முந்தைய பெயருக்கும் தொடர்பே தெரியாது. சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்கி, இன்றைய பெயர் வரை இடைவெளியின்றி ஆவணங்களை அடுக்க வேண்டும். ஆவணம் அமைப்புக்குத் தெரியாத மொழியில் இருந்தால் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பும் வேண்டும். சில அமைப்புகள் அப்போஸ்டில் முத்திரையையும் கேட்கின்றன. 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையின் கீழ் இடப்படும் அந்த முத்திரை, ஆவணத்தில் உள்ள கையொப்பத்தின் உண்மைத்தன்மையையும், கையொப்பமிட்டவரின் அதிகாரத்தையும், ஆவணத்தில் இடப்பட்ட அலுவலக முத்திரையின் உண்மைத்தன்மையையும் மட்டுமே உறுதிசெய்கிறது. ஆவணத்தின் உள்ளடக்கம் சரியா என்பதை அது சொல்வதில்லை. எனவே அப்போஸ்டில் இருக்கிறது என்பதற்காகப் பெயர் மாற்றத்தின் மற்ற ஆதாரங்களை விட்டுவிட முடியாது.

எல்லா நாடுகளிலும் திருமணம் பெயரை மாற்றுவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் பன்னாட்டு அமைப்புகளின் படிவங்கள் பெரும்பாலும் அப்படியொரு அனுமானத்தின் மேல்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பிரான்சில் பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எவரும் தாங்கக்கூடாது என்று 1794இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கொள்கை இன்றும் தொடர்கிறது. திருமணத்துக்குப் பின் துணைவரின் பெயரைப் பயன்பாட்டுப் பெயராக வைத்துக்கொள்ளலாமே தவிர, பிறப்புப் பெயர் மாறுவதில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் கணவன் மனைவி இருவரும் திருமணத்துக்குப் பின்னும் தத்தம் பிறப்புப் பெயரிலேயே தங்கள் உரிமைகளைச் செயல்படுத்துகிறார்கள். ஜப்பானில் நிலைமை நேரெதிர். அங்கே குடிமைச் சட்டத்தின் 750ஆவது பிரிவின்படி தம்பதியர் இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருந்தாக வேண்டும். அதனால் தொழிலில் பழைய பெயரால் அறியப்பட்ட பெண்கள் பலர் அந்தப் பெயரையே பணியிடத்தில் தொடர்கிறார்கள், கடவுச்சீட்டில் பழைய குடும்பப் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. இவர்களில் யாரேனும் ஒரு பன்னாட்டுச் சான்றிதழில் பெயர் மாற்றம் கேட்கும்போது, "சட்டப்படியான பெயர்" என்ற கட்டத்தில் எதை நிரப்புவது என்பதே கேள்வியாகிவிடுகிறது. நிரப்பும் பெயர் தேர்வு மையத்தில் காட்டப்போகும் அடையாள ஆவணத்தில் உள்ளதாக இருக்கட்டும் என்பதே பாதுகாப்பான விடை.

பெயரின் கட்டமைப்பும் தனித் தொல்லை. முதல் பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டங்களோடுதான் பெரும்பாலான பதிவுப் படிவங்கள் வருகின்றன. ஒற்றைப் பெயர் உடையவர்களுக்கும், தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொண்டவர்களுக்கும், நான்கைந்து சொற்களில் பெயர் கொண்டவர்களுக்கும் அந்தக் கட்டங்கள் பொருந்துவதில்லை. பன்னாட்டுக் குடிமை வான்போக்குவரத்து அமைப்பின் 9303 என்ற ஆவணம், கடவுச்சீட்டின் அடிப்பகுதியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளுக்கு, வரிக்கு 44 எழுத்துக்குறிகள் என்று இடம் ஒதுக்குகிறது. அதில் பெயருக்குக் கிடைப்பது 39 மட்டுமே; நீளமான பெயர்கள் அங்கே வெட்டப்படுகின்றன, பெயருக்குள் வரும் இணைப்புக்கோடு, வெற்றிடத்தை நிரப்பும் '<' என்ற குறியாக மாறுகிறது, ஒற்றை மேற்கோள்குறி மறைந்துவிடுகிறது. குடும்பப் பெயர் இல்லாதவரின் ஒற்றைப் பெயர் முதன்மை அடையாளமாகப் பதிவாகிறது. அமெரிக்க விசாவில் அத்தகையவர்களின் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், முதல் பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யூ. என்ற மூன்றெழுத்து அச்சாகிறது. அதைத் தம் பெயரின் பகுதி என்று நினைத்துச் சான்றிதழ்ப் படிவத்திலும் நிரப்பிவிடுபவர்கள் உண்டு. பிறகு அது சான்றிதழிலேயே ஏறிவிடும். பெயரை மாற்றக் கேட்கும் இந்த ஒரு வாய்ப்பில், புதிய பெயர் எந்தக் கட்டத்தில் எவ்வாறு பிரிக்கப்பட வேண்டும் என்பதையும், தலைப்பெழுத்து விரிவாக்கப்பட வேண்டுமா என்பதையும் தெளிவாக எழுதிக் கொடுத்துவிடுவது பின்னால் இன்னொரு திருத்தத்தைத் தவிர்க்கும்.

இவ்வளவும் ஒருநாள் நெருக்கடியாக மாறும் இடம் தேர்வு மையம்தான். பியர்சன் வியூ, புரோமெட்ரிக் போன்ற தேர்வு நடத்தும் நிறுவனங்கள், பதிவில் உள்ள பெயரும் தேர்வர் காட்டும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும் என்பதில் கண்டிப்பானவை. பொருந்தாவிட்டால் தேர்வறைக்குள் அனுமதி மறுக்கப்படலாம். செலுத்திய கட்டணமும் பெரும்பாலும் திரும்பாது. வீட்டிலிருந்தே கணினி வழியாக எழுதும் தேர்விலும் ஆவணத்தைக் கேமராவுக்குக் காட்டும் கட்டத்தில் இதே சோதனைதான் நடக்கிறது. அந்த நேரத்தில் திருமணச் சான்றை எடுத்துக்காட்டி விளக்கலாம் என்று எண்ணிச் செல்வது நல்லதல்ல. மேற்பார்வையாளருக்குப் பதிவைத் திருத்தும் அதிகாரம் கிடையாது. அவர் செய்யக்கூடியதெல்லாம் இரண்டு பெயர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டுமே. தேர்வு நடத்தும் நிறுவனமும் சான்றளிக்கும் அமைப்பும் பல நேரங்களில் வேறு வேறு நிறுவனங்கள் என்பதால், ஓரிடத்தில் செய்த மாற்றம் மற்றோரிடத்துக்குப் போய்ச் சேர நாள் பிடிக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எதை முதலில் மாற்றுவது என்ற கேள்விக்கான விடை இதிலிருந்தே கிடைக்கிறது. முதலில் பெயர் மாற்றத்தின் மூல ஆவணம், அடுத்து அரசு வழங்கும் அடையாள ஆவணம், அதன்பின் சான்றளிக்கும் அமைப்பு, பிறகு தேர்வு நடத்தும் நிறுவனத்தின் கணக்கு என்ற வரிசையே இயல்பானது. ஆனால் தேர்வுக்கு ஏற்கெனவே நாள் குறித்திருப்பவர் இந்த வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக்கூடாது. அவர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. பழைய பெயரிலான அடையாள ஆவணம் இன்னும் செல்லுபடியாகும் என்றால், தேர்வை அந்தப் பெயரிலேயே எழுதி முடித்து, முடிவு பதிவான பிறகு எல்லாவற்றையும் சேர்த்து மாற்றலாம். அந்த ஆவணம் ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்டோ ரத்தாகியோ போயிருந்தால், தேர்வு நாளைத் தள்ளிவைத்துவிட்டு, பதிவில் பெயர் மாறியதை எழுத்துவழி உறுதிசெய்துகொண்ட பின்னரே புதிய நாளைக் குறிக்க வேண்டும். புதுப்பிப்புக் காலம் முடியும் தறுவாயில் இருப்பவர்களும் இதே கவனத்துடன் நடக்க வேண்டும். பெயர் மாற்ற விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது சில அமைப்புகளில் கணக்கின் மற்ற வேலைகள் தற்காலிகமாக நின்றுவிடக்கூடும் என்பதால், புதுப்பிப்பை முடித்துவிட்டுப் பெயர் மாற்றத்துக்குப் போவதே மேல்.

அமைப்பின் பதிவேடு மாறிய பிறகும் பழைய பெயர் தங்கிவிடும் இடங்களில் முக்கியமானது, பெற்ற தகுதியை இணையத்தில் காட்டப் பயன்படும் மின்சின்னமான டிஜிட்டல் பேட்ஜ். மொசில்லா அறக்கட்டளை 2011இல் தொடங்கிவைத்த ஓப்பன் பேட்ஜ் முறையில், பேட்ஜ் யாருடையது என்பதைப் பெரும்பாலும் பெறுநரின் மின்னஞ்சல் முகவரிதான் தீர்மானிக்கிறது. பேட்ஜுக்குள் அந்த முகவரி குறியாக்கப்பட்ட வடிவில் பதிந்திருக்கும். ஆகவே பக்கத்தில் தெரியும் பெயரை மாற்றுவது எளிதாக இருக்கலாம், ஆனால் பழைய பெயரை வைத்து உருவாக்கிய மின்னஞ்சலைக் கைவிடும்போது பேட்ஜே கைநழுவிப் போகும் அபாயம் இருக்கிறது. புதிய மின்னஞ்சலைக் கணக்கில் சேர்த்து, அது உறுதிசெய்யப்படும்வரை பழைய மின்னஞ்சலை உயிரோடு வைத்திருக்க வேண்டும். இப்போது பரவிவரும் சரிபார்க்கத்தக்க மின்சான்றுகளின் நிலை வேறு. வலைத் தரநிலைகளை வகுக்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியம் அவற்றுக்கான தரவு மாதிரியை 2019இல் பரிந்துரையாக வெளியிட்டது. அந்தச் சான்றுகள் வழங்குபவரின் மின்கையொப்பத்தால் பூட்டப்பட்டவை; உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் செல்லாது. அவற்றில் திருத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பழையதை ரத்துசெய்து புதியதை வழங்குவது ஒன்றே வழி. தொழிலில் ஆவணங்களுக்குக் கையொப்பமிடப் பயன்படும் தனிநபர் மின்கையொப்பச் சான்றுக்கும் இதுவே பொருந்தும்.

இதனால் பழைய பெயரில் முன்பு கையொப்பமிட்ட வரைபடங்களும் தணிக்கை அறிக்கைகளும் மருத்துவக் குறிப்புகளும் செல்லாமல் போய்விடுமோ என்ற அச்சம் தேவையற்றது. கையொப்பமிட்ட நாளில் அவருக்கு அந்தப் பெயரும் அந்தத் தகுதியும் இருந்தன என்பதே போதுமானது. அவற்றைத் திரும்ப எடுத்துத் திருத்த முயல்வதுதான் தவறாக முடியும். முத்திரை வைத்துத் தொழில் செய்பவர்கள், பதிவு மாறிய நாளிலிருந்து புதிய பெயரிலான முத்திரையைப் பயன்படுத்தத் தொடங்க வேண்டும், அதற்கு ஒரு நாள் முன்னதாகக்கூட வேண்டாம். தொழிற்பொறுப்புக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். பதிவேட்டில் ஒரு பெயரும் காப்பீட்டுப் பத்திரத்தில் வேறொரு பெயரும் இருக்கையில் இழப்பீட்டுக் கோரிக்கை ஒன்று எழுந்தால், அந்த வேறுபாட்டை விளக்கி முடிக்கவே நெடுநாள் ஆகும்.

வேறு நாட்டில் உரிமம் பெற முயல்வோருக்கு வரும் சோதனை மூலச் சரிபார்ப்பு. விண்ணப்பதாரர் தரும் நகல்களை நம்பாமல், உரிமம் வழங்கும் அதிகாரி அல்லது அவர் அமர்த்திய முகமை, பல்கலைக்கழகம், முந்தைய பணியிடம், சான்றளித்த அமைப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் நேரடியாக எழுதிக் கேட்கும் முறை அது. பல்கலைக்கழகப் பதிவில் பழைய பெயர், முதல் பணியிடத்தில் பழைய பெயர், சான்றிதழில் புதிய பெயர் என்ற கலவையான நிலையில், புதிய பெயரை மட்டும் கொடுத்து அனுப்பிய வினவலுக்கு "அப்படி ஒருவர் இங்கே படிக்கவில்லை" என்ற பதில் வருவது இயல்பே. அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை, ஆனால் அது விண்ணப்பத்தை முடக்கப் போதுமானது. விண்ணப்பப் படிவத்தில் முந்தைய பெயர்களைக் கேட்கும் கட்டத்தை வெறுமையாக விடாமல் நிரப்புவதும், எந்த நிறுவனத்தில் எந்தப் பெயரில் பதிவு இருக்கிறது என்று தனியே ஒரு தாளில் எழுதி இணைப்பதும் இதைத் தடுக்கும். பல்கலைக்கழகம் பட்டத்தை மாற்றித் தர மறுத்தாலும், இந்தப் பெயரில் பயின்றவர் இப்போது இந்தப் பெயரில் அறியப்படுகிறார் என்று பதிவாளர் கையொப்பத்துடன் ஒரு கடிதம் தருமா என்று கேட்டுப் பார்க்கலாம். பட்டத்தையே மாற்ற ஒப்பாத நிறுவனங்களும் இத்தகைய கடிதத்துக்கு இணங்க வாய்ப்புண்டு. சரிபார்ப்பு முகமைக்கு அது போதுமானதாகவும் இருக்கும்.

முந்தைய பெயர் வெளிப்படுவதே ஒருவருக்குத் தீங்காக முடியும் நிலைகளும் உண்டு. பாலின அடையாளத்தை மாற்றிக்கொண்டவருக்குப் பழைய பெயர் தெரியவருவது அவமதிப்புக்கும் பாகுபாட்டுக்கும் வழிவகுக்கும். வன்முறை செய்த துணைவரிடமிருந்து தப்பிப் பெயரை மாற்றிக்கொண்டவருக்கு அது உயிர் ஆபத்து. இரண்டு பெயர்களுக்கும் உள்ள தொடர்பு தக்கவைக்கப்பட வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம். முரண் இல்லை என்பதே என் கருத்து: தொடர்பு இருக்க வேண்டிய இடம் அமைப்பின் உள்பதிவு, பொதுமக்கள் தேடிப்பார்க்கும் இணையப் பட்டியலில் அது இருக்க வேண்டியதில்லை. பொதுப் பட்டியலில் "முந்தைய பெயர்" என்ற கட்டத்தை எல்லோருக்கும் கட்டாயமாக்கும் அமைப்புகள், மிகச் சிலரின் ஒழுங்கீனத்தைத் தடுப்பதற்காகப் பலரைத் தீங்குக்கு உள்ளாக்குகின்றன. ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர்களின் பெயர்த் தொடர்பை மட்டும் வெளியிட்டு, மற்றவர்களுடையதை உள்ளே வைத்துக்கொண்டாலே இரண்டு நோக்கங்களும் நிறைவேறும். அறிவியல் ஆய்வுலகில் இதற்கொரு முன்மாதிரி இருக்கிறது. 2012இல் தொடங்கிய ஆர்சிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் எண், பெயர் எத்தனை முறை மாறினாலும் கட்டுரைகளை ஒரே ஆளோடு பிணைத்து வைக்கிறது. 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில், வெளியான கட்டுரைகளிலேயே ஆசிரியரின் பெயரை அறிவிப்பின்றி மாற்றித் தரப் பல பதிப்பகங்கள் முன்வந்தன. கட்டுரையின் ஆசிரியர் பெயரையே அப்படி மாற்ற முடியும் என்னும்போது, சான்றிதழ்ப் பட்டியலில் முடியாது என்பதற்குக் காரணம் தேடுவது கடினம்.

அமைப்பு பதிலே தராமல் காலம் கடத்தினால், தரவுப் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரக்கூடும். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 16ஆவது பிரிவு, தம்மைப் பற்றிய தவறான தரவைத் தேவையற்ற காலதாமதமின்றித் திருத்திக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. அத்தகைய கோரிக்கைக்குப் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதிலளிக்க வேண்டும் என்று 12ஆவது பிரிவு சொல்கிறது. இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் திருத்தவும் புதுப்பிக்கவும் கோரும் உரிமையை வகுத்திருக்கிறது. கோரிக்கைக் கடிதத்தில் உரிய பிரிவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால், அது பொதுவான உதவிப் பிரிவிலிருந்து தரவுப் பாதுகாப்பு அலுவலரின் கைக்குப் போகும் வாய்ப்பு அதிகம். கட்டணத்தைப் பொறுத்தவரை, புதிய காகிதம் அச்சிட்டு அனுப்புவதற்குப் பணம் கேட்பது நியாயம். பதிவேட்டில் பெயரை மாற்றுவதற்கே பணம் கேட்பது நியாயமில்லை. சரியான பெயரைப் பதிவில் வைத்திருக்க வேண்டிய கடமை, விண்ணப்பதாரருக்கு இருப்பது போலவே அமைப்புக்கும் இருக்கிறது.

மாற்றம் முடிந்ததும் மூன்று பொருள்களைப் பெற்றுக்கொள்ள வேண்டும்: புதிய பெயரிலான சான்றிதழ், இணையச் சரிபார்ப்புப் பக்கத்தில் புதிய பெயர் தெரிவதைக் காட்டும் நகல், இன்ன எண்ணுடைய சான்றிதழ் இன்ன நாள்வரை பழைய பெயரில் இருந்து இன்ன நாளில் புதிய பெயருக்கு மாற்றப்பட்டது என்று அமைப்பு எழுதித் தரும் உறுதிக் கடிதம். இவற்றில் மூன்றாவதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை, ஆனால் பின்னாளில் மிகவும் பயன்படுவது அதுதான். மறுபடி வழங்கப்படும் சான்றிதழில் முதலில் தகுதி பெற்ற நாள் மாறாமல் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். மறு அச்சு நாள் தவறிப்போய்த் தொடக்க நாளாக ஏறிவிட்டால், பத்தாண்டு அனுபவம் உடையவர் புதிதாகத் தேர்ச்சி பெற்றவராகத் தெரிவார். பழைய சான்றிதழை அமைப்பு திரும்பக் கேட்டால் ஒப்படைப்பதற்கு முன் இருபுறமும் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்காவிட்டால் பெயர் மாற்ற ஆவணத்துடன் ஒரே உறையில் வைத்துக்கொள்ளலாம். பணிக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் எண்ணைத் தன்விவரக் குறிப்பில் எழுதிவிட்டால், சரிபார்ப்பவர் பெயரைக் கொண்டு தேடாமல் எண்ணைக் கொண்டு தேடுவார். முந்தைய மேலாளர்களைப் பரிந்துரையாளர்களாகக் கொடுக்கிறவர்கள், எந்தப் பெயரில் தங்களைப் பற்றிக் கேட்பார்கள் என்பதை அந்த மேலாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.